குழாய் விடாமலே மூச்சுக்குழாய்க்குள் ஒரு பயணம்!

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை மனசுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள். கடலைக்காய் பிடுங்கி முடித்த சமயம். வாசல் முழுக்கக் காய்கிறது. திண்ணையில் அம்மிச்சி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்கிறார். கோவையிலிருந்து வந்திருக்கும் இரண்டு வயதுப் பேரன் ஒரு கை பருப்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். கால் தடுக்கி விழுகிறான். லொக்கு லொக்கென்று ஒரே இருமல். முகமெல்லாம் சிவந்துவிடுகிறது. அம்மிச்சி பதறிப்போய் முதுகில் தட்டுகிறார். ஐந்தே நிமிஷம்... பையன் மறுபடி விளையாடப் போய்விடுகிறான். ‘பொறையேறிருச்சு’ என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து, கோவையில் பையனுக்குக் காய்ச்சல். மூச்சு விடும்போது ஒரு பக்கம் மட்டும் ‘உய்ய்’ என்று சத்தம். சிரப் கொடுத்தால் குறைகிறது, நிறுத்தினால் மறுபடியும் வருகிறது. சளி என்கிறார்கள், வீசிங் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு டாக்டர், “நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் மூச்சுக்குழாய்க்குள்ளே போய்ப் பார்த்துவிடலாம்” என்கிறார்.

கம்ப்யூட்டர் எப்படிங்க மூச்சுக்குழாய்க்குள்ளே போகும்? வீட்டில் எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். உங்களுக்கும் இருக்கும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தலைகீழ் மரம்

மூச்சுக்குழாயை ஒரு தலைகீழ் மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்குக் கீழே அடிமரம். பெரியவர்களுக்கு அது 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது நெஞ்சுக்குள் வலது, இடது என்று இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே போய், சுமார் 23 தடவை பிரிந்த பிறகு, இலைகள் மாதிரி இருக்கும் காற்றுப் பைகளில் முடிகிறது. அந்தப் பைகளின் எண்ணிக்கை 30 கோடிக்கு மேல்!

இதில் ஒரு விஷயத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வலது கிளை, இடது கிளையை விடக் கொஞ்சம் அகலம், நீளம் குறைவு, ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. புரையேறி உள்ளே போகும் பருப்பு, புளியங்கொட்டை, பாக்கு எல்லாம் வலது பக்கம் அதிகமாகப் போய் விழுவதற்கு இதுதான் காரணம். இரண்டு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய் உங்கள் சுண்டு விரல் தடிமன்கூட இருக்காது. அதன் கிளையை அடைக்க அரைப் பருப்பு போதாதா?

அப்படியென்றால் எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? காசு, ஊசி, திருகாணி என்றால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்துவிடும். கடலைப் பருப்பு எக்ஸ்ரேக் கதிரைத் தடுப்பதில்லை. கதிர் அதை ஊடுருவிப் போய்விடும். பருப்பால் வந்த விளைவுகள்தான், அதாவது ஒரு பக்க நுரையீரல் காற்றடைத்துப் பெருத்திருப்பதோ சுருங்கியிருப்பதோ, எக்ஸ்ரேயில் தெரியும். சில குழந்தைகளுக்கு அதுவும் தெரியாது.

கடலையில் இன்னொரு வம்பும் உண்டு. அதன் எண்ணெய், குழாயின் உள்சவ்வை உறுத்தி வீங்க வைக்கும். ஈரத்தில் ஊறிப் பருப்பும் பெருக்கும். முதல் ஐந்து நிமிஷ இருமலுக்குப் பிறகு குழந்தை நாள்கணக்கில் சாதாரணமாக இருப்பதும், பிறகு மெல்ல காய்ச்சல், இளைப்பு, நிமோனியா என்று ஆரம்பிப்பதும் இதனால்தான். இடையில் வரும் அந்த அமைதிதான் எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது.

நிஜக் குழாய் வந்த கதை

மூச்சுக்குழாய்க்குள் கண்ணால் பார்க்கும் வித்தையை முதலில் செய்து காட்டியவர் குஸ்டாவ் கில்லியன் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1897-ல் ஃப்ரைபர்க் நகரில் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை, நேரான உலோகக் குழாய் ஒன்றை வாய்வழியே இறக்கி எடுத்தார். அதற்கு முன்னால் இப்படிச் சிக்கினால் கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் விதியே என்று விட்டுவிட வேண்டும்.

1960-களில் ஜப்பானைச் சேர்ந்த ஷிகெட்டோ இக்கெடா, கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயைக் கொண்டுவந்தார. இன்று பெரியவர்களுக்கு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ விடுகிறார்களே, அந்த பிராங்கோஸ்கோப்புக்கு அதுதான் மூத்தது. குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கிய பொருளை எடுக்க இன்றைக்கும் பெரும்பாலும் நேர்க்குழாயைத்தான் நம்புகிறார்கள். அதற்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். அனுபவமுள்ள மயக்க மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இங்கேதான் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது. “மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே ஒன்றுமே இல்லையென்றால்?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியபோதுதான் கம்ப்யூட்டர் கைகொடுத்தது.

வாழைத்தண்டு வில்லைகள்

வீட்டில் வாழைத்தண்டு நறுக்குவீர்கள் அல்லவா? வட்ட வட்டமாக வில்லை போடுகிறோம். அந்த வில்லைகளை வரிசை மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மறுபடியும் முழுத்தண்டு கிடைத்துவிடும். சி.டி. ஸ்கேன் செய்வதும் இதைத்தான். கத்திக்குப் பதில் எக்ஸ்ரேக் கதிர். 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் ஒரு நோயாளியின் தலையை இப்படி முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதற்கான கணிதத்தைத் தந்த ஆலன் கார்மக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வில்லைக்கும் நின்று நின்றுதான் எடுக்க வேண்டியிருந்தது. 1980-களின் கடைசியில் சுருள் ஸ்கேன் வந்தது. நோயாளி படுத்திருக்கும் பலகை நகர நகர, கதிர்க்குழாய் நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும். இன்றைய கருவிகளில் நெஞ்சு முழுவதையும் சில நொடிகளில், ஒரே மூச்சை அடக்கும் நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள நெஞ்சை ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கினால் 300 வில்லைகள். அத்தனையும் கம்ப்யூட்டருக்குள் எண்களாக உட்கார்ந்திருக்கும்.

எண்களா? ஆமாம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீர் என்றால் பூஜ்யம். காற்று என்றால் மைனஸ் 1000. எலும்பு என்றால் பிளஸ் பக்கம் பல நூறு. மூச்சுக்குழாய்க்குள் இருப்பது காற்று, சுற்றி இருப்பது சதைச்சுவர். இரண்டுக்கும் எண்ணில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த எல்லைக்கோட்டைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்கிறது. 300 வில்லைகளிலும் பிடித்து அடுக்கினால் ஒரு குகை மாதிரி மொத்தக் குழாயும் உருவாகிவிடும். அந்தக் குகைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேமராவை வைத்த மாதிரி கணக்குப் போட்டு, திரையில் உள்ளே நடந்து போகலாம். வலது கிளை, இடது கிளை, அதற்குள் இன்னொரு கிளை... நோயாளி அதற்குள் வீட்டுக்கே போய்விட்டிருக்கலாம்!

இதற்குப் பெயர்தான் வர்ச்சுவல் பிராங்கோஸ்கோப்பி. அமெரிக்காவின் வட கரோலினாவில் டேவிட் வைனிங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990-களில் பெருங்குடலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் இதைச் செய்து காட்டினார்கள். கம்ப்யூட்டரில் கண்டதும் நிஜக் குழாயில் கண்டதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒப்பிட்டு அவர்கள் எழுதிய கட்டுரை 1996-ல் வெளிவந்தது.

எதற்கு உதவும்?

1. குழந்தைக்குப் புரையேறியதா என்று உறுதியாகத் தெரியாத நேரத்தில். அறிகுறிகள் லேசாக இருந்து, படத்திலும் குழாய் முழுக்கச் சுத்தமாக இருந்தால், தேவையில்லாத மயக்கத்தைத் தவிர்க்க முடியும். பொருள் இருப்பது தெரிந்தால், அது எந்தக் கிளையில், எவ்வளவு ஆழத்தில் என்ற வரைபடம் கையில் இருக்கும்.

2. குழாய் சுருங்கிப்போன இடத்தில். பெருந்துறை என்றாலே நம் தாத்தா காலத்தில் காசநோய் சானடோரியம்தான் நினைவுக்கு வரும். அங்கே இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காசநோயை இன்று மாத்திரையால் குணமாக்க முடிகிறது. ஆனால் சிலருக்கு நோய் ஆறிய இடத்தில் தழும்பு விழுந்து மூச்சுக்கிளை சுருங்கிவிடும். நிஜக் குழாய் அந்தச் சந்துக்குள் நுழையாது. கம்ப்யூட்டர் கேமராவுக்குச் சந்து ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பக்கம் காற்று இருந்தால் போதும், தாண்டிப் போய்ப் பார்த்துவிடும். அடைப்பு எவ்வளவு நீளம், அதற்கப்பால் நுரையீரல் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்தால்தான் விரிக்கலாமா, ஸ்டென்ட் வைக்கலாமா, அறுவையா என்று முடிவெடுக்க முடியும்.

3. கட்டி இருக்கும்போது. கட்டி குழாயை உள்ளிருந்து அடைக்கிறதா, வெளியிலிருந்து நெருக்குகிறதா என்று தெரியும். ஓரத்தில் இருக்கும் சிறு கட்டிக்கு எந்தக் கிளை வழியாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே பாதை போட்டுக்கொண்டு, பிறகு நிஜக் குழாயை அதே வழியில் செலுத்துகிறார்கள்.

எதற்கு உதவாது?

இதைத்தான் நீங்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

திரையில் தெரியும் அந்த இளஞ்சிவப்பு நிறம் இருக்கிறதே, அது உங்கள் மூச்சுக்குழாயின் நிறமே அல்ல! கம்ப்யூட்டர் தானாகப் பூசியது. எண்களில் நிறம் ஏது? அதனால் சவ்வு சிவந்திருக்கிறதா, ரத்தம் கசிகிறதா, புற்றுநோய் மேல்தோலில் மட்டும் மெல்லிசாகப் படர ஆரம்பித்திருக்கிறதா என்பதையெல்லாம் இந்தப் படம் சொல்லாது.

ஒட்டியிருக்கும் சளிக்கட்டி, படத்தில் பருப்பு மாதிரியோ கட்டி மாதிரியோ தெரியலாம். குழந்தை அழுது அசைந்தால் படம் கலங்கி, இல்லாத அடைப்பு இருப்பது போலத் தெரியலாம். அதனால்தான் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட், அழகான குகைப் படத்தோடு நிறுத்தாமல் அசல் வில்லைகளையும் புரட்டிப் பார்த்த பிறகே ரிப்போர்ட் எழுதுகிறார்.

முக்கியமானது, இந்தக் கேமராவுக்குக் கை கிடையாது. சதை எடுக்காது, சளி உறிஞ்சாது, பருப்பைக் கவ்வாது. “ஸ்கேனிலேயே எல்லாம் தெரிஞ்சுருச்சே, அப்புறம் எதுக்குங்க குழாய்?” என்று பலர் கேட்கிறார்கள். கட்டி இருப்பதை ஸ்கேன் சொல்லும். அது புற்றா, காசநோயா, பூஞ்சையா என்பதைச் சதைத் துணுக்குதான் சொல்லும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. குழாய்க்குப் பயந்து இரண்டு மாதம் தள்ளிப்போட்டால், நோய்க்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்ததாக அர்த்தம்.

பஞ்சும் மணலும்

கோவையில் முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஊரெல்லாம் மில் ஆனது. பம்புசெட், கிரைண்டர் என்று பவுண்டரிகளும் பெருகின. இந்த வேலைகளில் இருப்பவர்கள், “எனக்கும் இந்தக் கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்கக்கூடும்.

மில்லில் புளோ ரூம், கார்டிங் பகுதிகளில்தான் பஞ்சுத்தூசி அதிகம். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சைப் பிடித்த மாதிரி இறுக்கம், இருமல். பிறகு அடுத்தடுத்த நாள் குறைகிறது. இப்படி இருந்தால் அது பிஸினோசிஸ் என்ற பஞ்சுத்தூசி நோயாக இருக்கலாம். அது குறிவைப்பது மரத்தின் நுனிக்கிளைகளை. கம்ப்யூட்டர் பயணம் தெளிவாகக் காட்டுவது அடிமரத்தையும் முதல் சில பிரிவுகளையும்தான். ஆகவே உங்களுக்குத் தேவை ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனை. கதிர் இல்லை, ஊசி இல்லை. வேலைக்குப் போகும் முன்பும், ஷிப்ட் முடிந்த பின்பும் ஊதிப் பார்த்தால் தூசி செய்யும் வேலை அளவாகவே தெரிந்துவிடும்.

பவுண்டரியில் மணல் அச்சு வேலை செய்பவர்களுக்கு சிலிக்கா தூசி. அதற்கு எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சாதாரண சி.டி. படங்களும்தான் பேசும். பிஸினோசிஸ், சிலிகோசிஸ் இரண்டும் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போகும்போது, எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வாசகர்கள் கேட்கக்கூடியவை

கதிர்வீச்சு அதிகமா?

சாதாரண எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு அதிகம். வழக்கமான ஒரு நெஞ்சு சி.டி. ஸ்கேனில், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இரண்டு மூன்று வருஷத்தில் இயற்கையாக நமக்கு வந்து சேரும் அளவு கதிர் கிடைக்கும். குழந்தைகளுக்கு அளவைக் குறைத்து எடுக்க வழி இருக்கிறது. அவசியம் இருக்கும்போது பயப்பட வேண்டாம். சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதற்கென்று தனியாக ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. மெல்லிய வில்லைகளாக எடுத்த சி.டி. ஏற்கெனவே இருந்தால், அதே எண்களிலிருந்து பயணத்தை உருவாக்கிவிடலாம். ஐந்து மில்லிமீட்டர் கனமான வில்லைகள் மட்டும் இருந்தால் சரிவராது. ஆகவே ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு நிறுத்திவிடாமல், முழுப் பதிவையும் சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இன்னொரு டாக்டரிடம் போனாலும் மறு ஸ்கேனும் மறு செலவும் மிச்சம்.

குழந்தை மூச்சுத் திணறும்போதும் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

கூடவே கூடாது! திணறல் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. கடலை சாப்பிடும்போது புரையேறியதை வீட்டில் பார்த்திருக்கிறார்கள், ஒரு பக்கம் காற்றுச் சத்தமும் குறைந்திருக்கிறது என்றால், பல டாக்டர்கள் ஸ்கேனுக்குக் காத்திராமல் நேராகக் குழாய் விட்டு எடுத்துவிடுவார்கள். அதுதான் சரி.

வீட்டில் ஒட்டி வையுங்கள்

* நான்கு வயது முடியும் வரை முழுக் கடலை, பொட்டுக்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை எதுவும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. கடலை கொடுக்க வேண்டுமென்றால் பொடித்துக் கொடுங்கள்.

* ஓடும்போதும், சிரிக்கும்போதும், அழும்போதும் வாயில் எதையும் ஊட்டாதீர்கள்.

* புரையேறிய குழந்தை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். இருமலை விடச் சிறந்த கருவி இல்லை.

* இருமவும் முடியாமல், சத்தமும் வராமல் நீலம் பாய்ந்தால்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி நடு நெஞ்சில் ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே, உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூட இருப்பவர் 108-க்குப் போன் செய்யட்டும். நினைவு தப்பினால், நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள்.

* கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் ஆழமாகப் போய்விடும்.

* இருமல் நின்றுவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மறுபடியும் அந்தத் திண்ணைக்கு...

பல்லடத்துப் பேரனை மறந்துவிட்டோமே! ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் முன் டாக்டர் ஒரு கேள்வி கேட்கிறார். “இதுக்கு முன்னாடி எப்பவாவது பையனுக்குப் புரையேறுச்சா?” அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர்கள் அன்றைக்குத் தோட்டத்தில் இல்லை. பின்னால் நிற்கும் அம்மிச்சி தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: “மூணு வாரம் இருக்குமுங்க. கல்லக்கா தின்னுட்டே ஓடி விழுந்துட்டானுங்க. முதுகுல தட்டுனேன், சரியாப் போச்சுங்க. நான்தான் பாத்துக்கலீன்னு திட்டுவாங்கன்னு சொல்லலீங்க.”

அந்த ஒரு வரியில் பாதி வைத்தியம் முடிந்துவிட்டது. எங்கே தேட வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கம்ப்யூட்டராலும் அந்த ஐந்து நிமிஷ இருமலைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. திண்ணையில் இருந்தவர் சொன்னால்தான் உண்டு.

ஆகவே, உங்கள் வீட்டில் குழந்தைக்குப் புரையேறினால் யாரையும் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்த சேதிதான் நுரையீரலுக்குள் மூன்று வாரம் ஊறிக் கிடக்கிறது. “என்ன தின்னான், எப்ப, எவ்வளவு நேரம் இருமினான்?” என்று பக்குவமாகக் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் தன் வேலையைப் பார்க்கட்டும், குழாய் தன் வேலையைப் பார்க்கட்டும்.